கொண்டி

வெட்டு மெசின் ஓட்டுகிறவருக்கு
வருசத்தில் ஒன்பது மாதம் வயல்தான் வீடு.
வட்டமடுவில் தொடங்கி, சம்மாந்துறை, கிரான்,
மறுகா பொலன்னறுவை,
கதிர் பழுக்கிற பக்கமெல்லாம் கிறுகிக் கிறுகி.
ஆரையம்பதியில் நாங்கள் இல்லாத வீட்டுக்கு
மாதம் பதினெட்டாயிரம் வாடகை.
இந்த முறை சாவியைக் கொடுத்துவிட்டோம்.

நிரந்தர முகவரி என்ன என்று
கிராம சேவகர் கேட்டார்.
மெசின் நம்பரை எழுதட்டா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

சாய்ந்தமருதில் ஜௌசி காக்காவின் யார்ட்.
முதலில் காட்டினது பஸ்.
கொழும்புக்கு ராவோட்டம் ஓடிக் களைத்தது.
சீற்றெல்லாம் கழற்றியாயிற்று.
யதுர்சன் முன்னும் பின்னும் ஓடிப் பெல் அடிக்கிறான்,
இறக்கம், இறக்கம் என்று கத்துகிறான்.
இரண்டு சாறி நீளம் தாராளமாக வரும்.
ஆனால் வாய்க்கால் கட்டில் இதை எப்படிக் கிறுக்குவது?
கதவு இரண்டு.
எஞ்சின் ஓடினால்தான் காற்றில் சாத்தும்,
நின்றால் இரண்டும் ஆவென்று கிடக்கும்.

அடுத்தது மீன் லொறி.
வாழைச்சேனைத் துறையில் நின்றதாம்.
இவருக்குக் கண்டவுடன் பிடித்துவிட்டது.
டயர் புதுசு, டீசல் குடிக்காது,
வெயில் உள்ளே வராது, எலி அண்டாது.
நான் பெட்டிக்குள் ஏறி, சாத்துங்கோ என்றேன்.
சாத்தினார்.
சூரை மீன் வாசம். இருட்டு.
திறக்கத் துழாவினால் கைக்கு
ஒரு பிடியும் அகப்படவில்லை.
"மீனுக்கு எதுக்கு தங்கச்சி உள்ளுக்குப் பூட்டு?"
வெளியே ஜௌசி காக்கா சிரிக்கிறார்,
தகரத்துக்கு அங்கால
யாரோ தூரத்தில் சிரிப்பதுபோல.

போன போகம் கிரானில் தரப்பாளுக்குள் படுத்தோம்.
மாசியில்தான் பெரிய பிள்ளையானவள் மிதுர்ஷா.
அவள் உடுப்பு மாற்ற
நான் சாறியை விரித்துப் பிடித்து நின்றேன்.
நாலு மெசின்காரர் வரம்பில் இருந்து
தேத்தண்ணி குடித்தார்கள்.
ஒருத்தரும் பார்க்கவில்லை அம்மா என்றாள்.
நான் கேட்கவே இல்லை.

மூன்றாவதை அவர் காட்டவும் இல்லை.
வேலியோரம், முருங்கைக்குக் கீழே, இரண்டு சில்லில்.
மிதுர்ஷாதான் கண்டாள்.
சுனாமிக்குப் பிறகு ஏதோ நாட்டார்
பல் பிடுங்கக் கொண்டுவந்த ரெயிலர்.
பல்லைப் பிடுங்கிவிட்டு வண்டியை விட்டுப் போய்விட்டார்கள்.
பக்கவாட்டில் சிரிக்கிற பல் ஒன்று கீறியிருக்கு,
பாதியை வெயில் தின்றுவிட்டது.
பதினாலடி. நாலு பேரும் படுத்தால்
ஆளுக்காள் சொல்லிப் புரளவேண்டும்.
தரை ஒரு மூலையில் உக்கல். அச்சு வளைவு.
வாய் கொப்பளிக்கிற தொட்டி மட்டும்
நேற்று வைத்ததுபோல மினுங்குது.

"இதை எதால இழுக்கிறது?" என்றார் இவர்.
"மெசின் ஏத்துற லொறிக்குப் பின்னால கொழுவுங்கோ" என்றேன்.
"அச்சு?"
"நிமித்துங்கோ."
"விலை அந்த லொறியைவிடக் கூடக் கேக்கிறார் கா,
இரும்பு விலை என்றாலும்..."

அதற்குள் அவள் ஏறிவிட்டாள்.
கதவு சாத்தியது.
துருவும் துருவும் உரசுகிற சத்தம்,
பிறகு கொண்டி விழுகிற சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
மங்கல் கண்ணாடி. நிழல்கூடத் தெரியாது.
ஒரு நிமிசம். இரண்டு.
விலை பேசின வாய்கள் நின்றுவிட்டன.
யதுர்சன்கூடப் பெல்லை விட்டுவிட்டு வந்தான்.

இவர் போய்த் தட்டினார்,
கையால் இல்லை, ஒரு விரலால்,
அறியாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

"ஆரு?" என்றாள் உள்ளுக்கிருந்து.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
மெசின் சத்தத்தில் இருந்து இருந்து
கூவாமல் கதைக்கத் தெரியாத மனுசன்.
"நான்தான் புள்ள. அப்பா" என்றார்,
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உடனே திறக்கவில்லை அவள்.
திறக்கட்டும், ஆறுதலாக.
நான் காப்பைக் கழற்றத் தொடங்கினேன்.
கலியாணத்துக்குப் போட்டது, மொழியில் இறுகி
அங்காலும் இல்லை, இங்காலும் இல்லை.

"ஜௌசி காக்கா,
கொஞ்சம் சவர்க்காரம் இருக்கா?"